மீன் அளந்த தூரம்

அத்தியாயம் 7

ஒரு சாவு விசாரணையின் ஒரே தடயத்தை ஜேபூதி பதினான்கு பேருக்குப் பந்தி வைத்தான். பதினைந்தாவது ஆளாகத் தானும் உட்கார்ந்து சாப்பிட்டான்.

சத்தமில்லாமல் செய்திருந்தாலாவது பரவாயில்லை. காலை எட்டு மணிக்கு ஊர் ரேடியோவுக்கே போன் போட்டான். "உலூதா வீட்டு முன்னறையில ஒரு பெட்டி இக்கலுக் மீன் கிடக்கு. நல்லா உறைஞ்ச மீன், ஒவ்வொண்ணும் என் தொடை தண்டி. கத்தி இருக்கிறவங்க கத்தியோட வாங்க, இல்லாதவங்க வாயோட வாங்க" என்றான். வடக்குப் பனிக்கோடியில் கிடக்கிற தாசிக் ஊரில் இருப்பதே முந்நூற்றுச் சொச்சம் பேர். ரேடியோவில் மீன் என்று காதில் விழுந்தால் பாதிரியார்கூட ஜெபத்தைச் சுருக்கிக்கொள்வார்.

பத்து நிமிடத்தில் பெண்கள் அரைவட்டக் கத்திகளோடு வந்துவிட்டார்கள். ஜேபூதி பெட்டியின் அட்டையையே பிரித்துத் தரையில் விரித்தான், மீன்களை அதன்மேல் அடுக்கினான், எல்லோரும் சுற்றி மண்டியிட்டுச் சீவிச் சீவிப் பச்சையாகவே தின்றார்கள். ஒன்பதரைக்கு உலூதா வீடு திரும்பியபோது நாலு தலையும் கொஞ்சம் செதிலும்தான் மிச்சம்.

உலூதா கவ்னாக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. தாசிக் ஊரின் மரண விசாரணை அதிகாரி. அதிகாரி என்றதும் நாற்காலி, மின்விசிறி என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். சமையலறை மேசைதான் அலுவலகம், பிஸ்கட் டப்பாதான் கோப்பு அலமாரி. ஊரில் யாராவது அகாலமாகச் செத்தால் ஏன் செத்தார்கள் என்று கண்டுபிடித்துத் தெற்கே எழுதி அனுப்புவது அவள் வேலை. அவளுக்கு வண்டியோட்டி, தட்டச்சர், எடுபிடி மூன்றும் ஜேபூதி. வயது நாற்பது. வேலைக்கு ஆள் எடுத்த அன்று ஊரிலேயே கிளம்பிய ஒரே பனிவண்டி அவனுடையது என்பதைத் தவிர அவனுக்கு வேறு தகுதி எதுவும் இருந்ததாக அவனுக்கே நினைவில்லை.

உலூதா அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா. உனக்கு மூளையே கிடையாதா?"

அப்பா என்றது ஜேபூதியைத்தான். உலூதாவின் அப்பா இறந்த வருடம் பிறந்தவன் அவன். அவருடைய பெயரை அவனுக்கு வைத்தார்கள். பெயர் யாருடையதோ உறவும் அவருடையது. தொட்டிலில் கிடந்தவனை அப்பா என்று கூப்பிட்டு மூக்குத் துடைத்துவிட்டவள் உலூதா. இன்றுவரை அவன் அவளுக்கு அப்பா, அவள் அவனுக்கு மகள். அடி வாங்குவது மட்டும் எப்போதும் அப்பாதான்.

"மகளே, ரெண்டு வாரமா மீனை முன்னறையில மூடி வெச்சிருக்கியே, ஊர்ல என்ன பேசுவாங்க? உன்னைக் கஞ்சம்னு யாரும் சொல்லிடக் கூடாதேன்னு..."

"அது தடயம்."

"தடயம்னு பெட்டி மேல எழுதியிருக்கலாமில்ல?"

"எழுதியிருந்தேன்."

"எங்கே?"

உலூதா குனிந்து அட்டையைத் திருப்பிப் போட்டாள். எழுதித்தான் இருந்தது. பெரிய எழுத்தில், இரண்டு மொழிகளில், அடிக்கோடிட்டு. ஜேபூதி அந்தப் பக்கத்தைத் தரைக்குக் கொடுத்து விரித்திருந்தான்.

கதை இதுதான். பதினெட்டு நாட்களுக்கு முன் நீவீ செத்துப்போனாள். இருபத்தொன்பது வயது, வயிற்றுக்குள் குடல்வால் வெடித்துவிட்டது. ஊர் ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரு நர்ஸும் நாலு கட்டிலும். நர்ஸ் காலை பத்து மணிக்கு அவசர விமானம் கேட்டாள். நல்ல வேளையாக விமானம் பக்கத்து ஊர் உமிங்மாவிலேயே நின்றிருந்தது. உமிங்மாவுக்கும் தாசிக்குக்கும் ஆகாய வழியில் நூற்று அறுபத்தெட்டு கிலோமீட்டர். நாற்பது நிமிடம்.

டிக்கெட் வாங்கிப் பயணம் போகிற சாதாரண மனிதனுக்கு அந்த தூரம் வேறு. தெற்கே பெரிய ஊருக்குப் பறந்து, அங்கே ஒரு ராத்திரி தங்கி, வேறு விமானம் ஏறி மறுபடி வடக்கே வர வேண்டும். இரண்டு நாள், இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ஜன்னலிலிருந்து பார்த்தால் மலை தெரிகிற பக்கத்து ஊருக்கு! அவசர விமானம் ஒன்றுதான் குறுக்கே பறக்கும். அதனால் தாசிக்கிலிருந்து நேர்வழியில் உமிங்மாவுக்குப் பறந்தவர்கள் எல்லோரும் ஒன்று சாகக் கிடந்தவர்கள், அல்லது பிரசவத்துக்குப் போனவர்கள்.

அன்று அந்த விமானம் வரவில்லை. தெற்கிலிருந்து வேறொரு விமானம் மறுநாள் காலை வந்து இறங்கியபோது ஏற்றிப்போக உடம்புதான் இருந்தது.

விமானி கிளைவ் கொடுத்த வாக்குமூலம் உலூதாவின் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. ஒன்று ஐந்துக்கு உமிங்மாவில் கிளம்பினேன். தாசிக்கின் மேல் வட்டமடித்தேன். பனிமூட்டத்தில் ஓடுதளமே தெரியவில்லை. திரும்பினேன். தாசிக்குக்கு யாரோ கொடுத்துவிட்ட மீன் பெட்டியைக்கூட ஏற்றியிருந்தேன். அதை இரண்டரை மணிக்கு உமிங்மா கொட்டகையில் இறக்கிவைத்துவிட்டுத்தான் தெற்கே போனேன்.

கடைசி வரி விமானக் கம்பெனியின் கைச்சரக்கு: நோயாளியின் கணவர் முந்தின நாள் மாலையே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தால் இந்த மரணத்தைத் தவிர்த்திருக்கலாம்.

அந்தக் கணவன் லாசருசி. முந்தின நாள் மாலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவளிடம் "காலையில பாத்துக்கலாம்" என்று சொன்னவன். அந்த இரண்டு வார்த்தையைத்தான் பதினெட்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறான், வேறெதையும் மெல்லவில்லை. அவன் வீட்டுத் துப்பாக்கிகளை அவன் அண்ணன் யாருக்கும் சொல்லாமல் எடுத்துப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை தெற்கே விசாரணை. அன்று அந்தக் கடைசி வரிக்குக் கையெழுத்து விழுந்துவிட்டால் அப்புறம் அதை யாரும் அழிக்க முடியாது. இன்று புதன்.

உலூதா திட்டி முடித்துவிட்டு டீ ஊற்றினாள். கோபம் தீராவிட்டாலும் டீ ஊற்றுவது அவள் வழக்கம்.

"உமிங்மாக்காரங்க இழவுக்கு வந்தப்போ அந்தக் கொட்டகையிலேர்ந்துதான் பெட்டியைப் பனிவண்டிக்குப் பின்னால கட்டி, குளிர்லயே இழுத்துக்கிட்டு வந்தாங்க. அடியில ரத்தம் வழிஞ்சு உறைஞ்சிருந்துச்சு. அதைப் பாத்துதான் திறக்காம வெச்சிருந்தேன், விசாரணையில வெச்சு வெட்டலாம்னு. போகட்டும். தின்னது தின்னாச்சு. யாராவது சட்டி கேட்டாங்களா?"

"என்ன சட்டி?"

"வேகவைக்க."

ஜேபூதி யோசித்தான். "எவாலு கேட்டான். அப்புறம் அவன் பொண்டாட்டி. அப்புறம்... ஆமா, கடைசியில எல்லாருமே ரெண்டு துண்டு பையில போட்டுக்கிட்டு, வீட்டுக்குப் போய் சூப் வைக்கிறேன்னாங்க."

"எவாலு? பல்லு அத்தனையும் விழுந்தாலும் உறைஞ்ச மீனைச் சப்பியே தின்னுவேன்னு சொல்ற எவாலுவா சட்டி கேட்டான்?"

"மீன் எப்படின்னு கேட்டா அருமைன்னுதான் சொன்னான்."

"வீட்டுக்குக் கூப்பிட்டுப் போட்ட மீனை எவன் குறை சொல்லுவான்? நீயும் தின்னியே, நீ சொல்லு."

"பந்தி வெச்சவன் நான். நானே எப்படிச் சொல்றது?"

"அப்பா."

"ஈரத் துணியைக் கடிச்ச மாதிரி இருந்துச்சு."

"முள்ளை ஒட்டின சதை?"

"அதுவும்தான். இழுத்தா நடுமுள்ளு கையோட வந்துடுச்சு."

ஒரே முறை உறைந்த மீன் கத்திக்கு மரம்போலச் சீவ வரும், நாக்கில் நொறுங்கிக் கரையும். உருகி மறுபடி உறைந்ததைக் கடித்தால் கஞ்சி. அதைச் சட்டியில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இதைக் கண்டுபிடிக்கத் தெற்கே கண்ணாடிக் குழாயும் வெள்ளைச் சட்டையும் தேவைப்படும். தாசிக்கில் நாலு வயதுக் குழந்தை போதும்.

"அன்னைக்கு வெளியே மைனஸ் இருபத்தேழு," என்றாள் உலூதா. "வர நாற்பது நிமிஷம், போக நாற்பது நிமிஷம். அப்புறம் அடுப்பே இல்லாத கொட்டகை. அப்புறம் என் முன்னறை, அங்கேயும் அடுப்பு கிடையாது. உன் தொடை தண்டி மீன் இதுக்கு நடுவுல எப்போ முள்ளு வரைக்கும் உருகிச்சு?"

"காலையில சமையலறைக்குள்ள கொண்டாந்து வெச்சாலே ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் இளகும்."

"அதேதான். அந்தப் பெட்டி அரை நாளுக்கு மேல சூட்டுல இருந்திருக்கு. தெற்கே பெரிய தளத்துலதான் விமானத்தையே உள்ளே தள்ளிக் கதவை மூடிச் சூடு போடுவாங்க. அவன் நம்ம ஊர் பக்கம் வரவே இல்ல அப்பா. நேரா தெற்கே போயிருக்கான், மறுநாள் வந்து பெட்டியை இறக்கியிருக்கான். சாட்சிக்கு மீனைக் கூப்பிட்டான். மீனு அவனுக்கே எதிரா பேசுது."

ஜேபூதிக்கு உயிர் வந்தது. "அப்போ நான் தடயத்தை அழிக்கல மகளே. பதினஞ்சு வயித்துல பத்திரமா..."

"டீயைக் குடி. பேசாதே. கிளைவ் இன்னைக்கு ரெண்டு மணிக்குக் கடைச் சாமானோட வர்றான். முன்னாடி போய் விமானத்தளத்து மியாலிகிட்ட அன்னைக்கு எழுதின வானிலைச் சீட்டை வாங்கி வை."

*

லாசருசியின் வீட்டைத் தாண்டாமல் விமானத்தளத்துக்குப் போக வழியில்லை. லாசருசி வாசலில் கவிழ்த்துப் போட்ட சறுக்குவண்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். மே மாத வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் குத்தியது. அவன் கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஜேபூதி இன்ஜினை நிறுத்தினான்.

"மீன் போட்டியாமே," என்றான் லாசருசி.

"போட்டேன். நீ வரலியே?"

"அது நீவீயோட சித்தி உமிங்மாவுலேர்ந்து அவளுக்குன்னு அனுப்பின மீன்."

ஜேபூதி எந்த இடத்திலும் வாயில் ஒரு வார்த்தை வைத்திருப்பவன். பாதிரியார் சொதப்பினால் பிரார்த்தனைக்கு நடுவில்கூட எடுத்துக் கொடுப்பான். இப்போது கையுறையைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"பரவால்ல," என்றான் லாசருசி. "ஊரே சேர்ந்து தின்னா அவளுக்குப் பிடிக்கும்." பிறகு தெற்குப் பக்கம் கையைக் காட்டினான். "அன்னைக்குக் காலையில மூட்டம் இருந்துச்சுதான். பன்னண்டுக்குக்கூட இருந்துச்சு. அப்புறம் துடைச்சு விட்ட மாதிரி விலகிடுச்சு. ஒரு மணி இருக்கும், நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கறேன், உமிங்மா மலை பனியை விட்டு எழும்பி மிதந்துக்கிட்டு நிக்குது. இதோ வந்துடும், இதோ வந்துடும்னு வானத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

"இதை விசாரிக்க வந்த ஆளுகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். புருஷன்காரன் அப்படித்தான் சொல்லுவான்னு பேனாவை மூடிட்டான்."

ஜேபூதி வண்டியைக் கிளப்பக் கையை வைத்தான். லாசருசி நிமிர்ந்து பார்த்தான். கன்னத்தில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"ஜேபூதி. முந்தின நாளே நான் கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாளா?"

நர்ஸ் சொன்னது ஜேபூதிக்குத் தெரியும். மத்தியானம் மூன்று மணிக்குள் விமானம் வந்திருந்தாலும் பிழைத்திருப்பாள் என்றாள். ஆனால் விமானம் ஏன் வரவில்லை என்று காகிதத்தில் ஏறாதவரை அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்றேன்," என்றான். இத்தனை வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த மிக மட்டமான பதில் அதுதான் என்று வண்டியை ஓட்டும்போது தோன்றியது.

*

தாசிக் விமானத்தளம் ஒற்றை அறைதான். ஒரு மூலையில் எண்ணெய் அடுப்பு, இன்னொரு மூலையில் ரேடியோ மேசை. மேசைக்குப் பின்னால் மியாலி. வயது முப்பத்தெட்டு. ஒவ்வொரு மணிக்கும் வெளியே போய் நின்று, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, காற்று எந்தப் பக்கம், குளிர் எவ்வளவு என்று பார்த்து வந்து ரேடியோவில் எண்களாகப் படிப்பது அவள் வேலை. அவள் திறந்திருக்கிறது என்றால் ஊர் திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்றால் மூடியிருக்கிறது. நீவீக்குப் பால்பல் விழுந்த நாளிலிருந்து சிநேகிதி. இந்தப் பதினெட்டு நாளில் பாதியாக இளைத்திருந்தாள்.

ஜேபூதிக்கு அவள்மேல் ஒரு இது. ஊரில் நாய்களுக்குக்கூடத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்பதை மட்டும் அவன் விசாரித்ததில்லை.

"மியாலி, பதினெட்டு நாளைக்கு முன்னாடி வானிலைச் சீட்டு ஒண்ணு வேணும். மகள் கேட்டா."

"அச்சு மெஷின்ல மை தீந்துபோச்சு."

"கையால எழுதிக் குடு. உன் கையெழுத்து மெஷினைவிட அழகு."

"வெள்ளிக்கிழமை தரேன்."

"விசாரணையே வெள்ளிக்கிழமைதானே?"

மியாலி மூக்கைச் சுருக்கினாள். இந்த ஊரில் மூக்கைச் சுருக்கினால் முடியாது என்று அர்த்தம், அதற்குமேல் பேச்சு கிடையாது. ஜேபூதி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். சட்டையில் மீன் செதில் மூன்று ஒட்டியிருந்தது. இதனால்தான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று முடிவு கட்டி, அடுப்புப் பக்கம் திரும்பி நகத்தால் செதிலைச் சுரண்டத் தொடங்கினான். துப்பறிகிறவன் தன் சட்டையைப் பற்றி நினைக்க ஆரம்பித்தால் அப்புறம் ஒன்றையும் கண்டுபிடிக்க மாட்டான்.

இரண்டு மணிக்கு விமானம் இறங்கியது. கிளைவ் காலை உதறிக்கொண்டு உள்ளே வந்தான். இருபது வருடமாக இந்தப் பக்கம் ஓட்டுகிற தெற்கத்தி ஆள். ஊரார் அவனுக்கு நீளக்கால் என்று பெயர் வைத்திருந்தார்கள். உலூதா ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன உலூதா, எனக்காகவா காத்திருக்கீங்க?"

"உங்க மீன் பெட்டி என் வீட்டு முன்னறையில இருக்கு கிளைவ்."

ஜேபூதி முகத்தை இரும்பாக வைத்துக்கொண்டான். பெட்டியில் இருந்ததில் ஒரு பங்கு அவன் வயிற்றில் இருந்தது.

"இருக்கட்டுமே," என்றான் கிளைவ்.

"வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் வெச்சு வெட்டப் போறேன். உருகி உறைஞ்சிருக்கு. நடுமுள்ளு வரைக்கும்."

"உமிங்மாவுல எவனாவது வீட்டுக்குள்ள கொண்டுபோய் வெச்சிருப்பான்."

"கொட்டகைச் சாவி உங்க கம்பெனி ஆளுகிட்ட மட்டும்தான் இருக்கு. அவரு தொடலைன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

அந்த ஆளோடு உலூதா ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. ஜேபூதிக்குத் தன் மகளை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"பொய்யே சொல்லத் தெரியாத ஒரு சாட்சியைப் போய்ப் புடிச்சிருக்கீங்க கிளைவ்," என்றான். "அது வாயைத் திறந்துதான் வெச்சிருக்கும். ஆனா கம்பெனி சொல்லிக் குடுத்ததைச் சொல்லாது."

கிளைவ் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தான். எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான். நீளக்கால்கள் அறையின் பாதி வரை வந்தன.

"சரி. வரல."

"எங்கே போனீங்க?"

"உமிங்மா ஓட்டல்ல நாலு வேட்டைக்காரங்க. கரடித் தோலோட மூணு நாளா காத்துக் கிடந்தாங்க. தெற்கே பெரிய விமானத்தைப் புடிக்கணும்னு குதிச்சாங்க. ஏத்திக்கிட்டுப் போயிட்டேன். பெட்டி அவங்க காலடியில இருந்துச்சு, சூடு வர்ற ஓட்டைக்கு எதிர்ல. அப்புறம் ராத்திரி பூரா ஹேங்கர்ல. மறுநாள்தான் உமிங்மாவுல இறக்கினேன்."

"இங்கே வந்து வட்டமடிச்சதா எழுதியிருக்கீங்களே?"

"எழுதச் சொன்னாங்க. ஊர் மூடியிருந்தா ஒரு மணி நேரம் காத்திருந்து மறுபடி கேக்கணும்னு விதி. நான் காத்திருக்கல. அது தெரிஞ்சா கம்பெனிக்கு அவசர விமான ஒப்பந்தமே போயிடும். அதுக்குத்தான் அந்த நாற்பது நிமிஷத்தை நான் பறந்தேன், காகிதத்துல." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வெள்ளிக்கிழமை நானே சொல்லிடறேன். என் லைசென்ஸ் போகட்டும். லாசருசி தலையில போட்ட அந்த வரி நான் எழுதினது இல்ல, ஆனா அதுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கு."

ஜேபூதி மூச்சு விட்டான். லாசருசியின் வீட்டுக்கு எத்தனை வேகத்தில் வண்டி ஓட்டலாம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கியது.

"ஆனா ஒண்ணு," என்றான் கிளைவ். "கரடித் தோலுக்காக நான் நீவீயை விட்டுட்டுப் போகல. என் ரெண்டாவது பையன் இந்த ஊர்ல பொறந்தவன். தாசிக் திறந்திருக்குன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா அந்த நாலு பேரையும் ஓட்டல்லயே போட்டுட்டு வந்திருப்பேன். மூடியிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நாங்களா?"

"உங்க ஊரு."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். பதினெட்டு நாளாக மடித்து மடித்து மடிப்பு கிழிந்த காகிதம். தொடையில் வைத்து எழுதிக்கொள்கிற குறிப்பு. உலூதா வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"பன்னிரண்டு மணி. கண்ணுக்குத் தெரியற தூரம் கால் மைல், பனிமூட்டம். காற்று தென்கிழக்கு, மூணு. குளிர் மைனஸ் இருபத்தேழு." நிறுத்தினாள். "ஒரு மணி. கால் மைல், பனிமூட்டம். காற்று தென்கிழக்கு, மூணு. மைனஸ் இருபத்தேழு."

"ரேடியோவுல நானே கேட்டு எழுதினது," என்றான் கிளைவ்.

"ரெண்டு மணிக்கு?"

"ரெண்டு மணிக்கு நான் தெற்கே பாதி தூரம் போயிட்டேன். அப்புறம் பாத்தேன், ரெண்டு மணிச் சீட்டுல முழுக்கத் திறந்திருக்குன்னு போட்டிருந்துச்சு."

ஜேபூதி அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தான். கிளைவின் கோணல் எழுத்து. மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து அச்சடித்த மாதிரி. தாசிக்கில் காற்று ஒரு மணி நேரம் ஒரே பக்கம் நின்றதை அவன் பார்த்ததில்லை. மூட்டம் விலகினால் குளிர் இரண்டு டிகிரியாவது இறங்கும். ஒரு மணிக்கு உமிங்மா மலை மிதந்துகொண்டிருந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

மூன்று பேரும் ரேடியோ மேசைப் பக்கம் பார்க்காமல் இருந்தார்கள். பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடச் சத்தமாக இருந்தது.

உலூதா எழுந்து கோட்டை மாட்டினாள். "கிளைவ், வாங்க. சாமான் இறக்கறதை நான் பாக்கணும்."

"சாமானை எதுக்கு நீங்க..."

"வாங்கன்னா வாங்க." கதவருகே நின்று ஜேபூதியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அப்பா. நீ கேளு."

"நானா? நீதானே அதிகாரி?"

"அதான். நான் கேட்டா அவ அதிகாரிக்குப் பதில் சொல்லுவா."

கதவு மூடியது. அடுப்பு கடகடவென்று ஒரு முறை இருமி அடங்கியது. மியாலி முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் காகிதத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

ஜேபூதி மேசைக்குப் போக ஏழு அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது. அதற்குள் மூன்று நகைச்சுவைகளைத் தயார் செய்து மூன்றையும் விழுங்கினான். லாசருசியின் தோளிலிருந்து இறக்குகிற பழியை எங்கேயாவது வைத்தாக வேண்டும். கிளைவின் தோளில் பாதி வைத்தாயிற்று. மீதியை வைக்க வந்த இடம் எலும்பும் தோலுமாக அவன் முன்னால் உட்கார்ந்திருந்தது. வெளியே போய்விடலாமா என்று பார்த்தான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உலூதா அவசியமே இல்லாமல் மாவு மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மியாலி," என்றான். "இந்தக் காத்தளக்கிற கருவி இருக்கே, அது சில சமயம் மாட்டிக்கும்ல? போன வருஷம்கூட ஒரு நாள் பூரா ஒரே நம்பர் காட்டிச்சே."

அவள் எழுதுவதை நிறுத்தினாள்.

"குளிர் காட்டறதும் அப்படித்தான். பழசு," என்றான் அவன். "மூட்டமும் ஓடுதளத்து மேல மட்டும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம். லாசருசி நின்ன இடத்துல விலகியிருக்கும். அப்படி நடக்கும்தானே?"

அவள் பேனாவைக் காகிதத்தின்மேல் படுக்க வைத்தாள்.

"அப்படி நடந்திருந்தா அப்படியே எழுதிக்கறேன். நான் ரெண்டு விரல்லதானே தட்டச்சு அடிக்கறவன், சுருக்கமா எழுதிடுவேன்."

மியாலி நாற்காலியைத் திருப்பினாள். கண் காய்ந்திருந்தது. அழுது முடித்துப் பல நாளான கண்.

"எனக்காகப் பொய் சொல்லாதே ஜேபூதி. நேரா கேளு."

ஜேபூதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு மணிக்கு நீ வெளியே போய்ப் பாத்துட்டுதான் சொன்னியா?"

"இல்ல. போகல," என்றாள் மியாலி. "பன்னண்டு மணிச் சீட்டைப் படிச்சதும் ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன், அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வந்துடலாம்னு. நீவீ என் கையைப் புடிச்சா. விடவே இல்ல. மணி ஒண்ணாச்சு, பையில இருந்த கைரேடியோவுல கிளைவ் கூப்பிட்டான். எழுந்திரிச்சா அவ கையை உதறணும். பன்னண்டு மணி நம்பரையே திருப்பிச் சொல்லிட்டேன். காலையிலேர்ந்து மூட்டம்தானேன்னு நெனச்சேன். ஜன்னல் எனக்குப் பின்னாடிதான் இருந்துச்சு ஜேபூதி. திரும்பிப் பாக்கல."